ஒன்பது ஆண்டுகளாக ஒரு துணிப்பை, ஓர் உரத்தொட்டி, பதினொரு விளக்குகள்

சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாமல் வாழ வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் பொருள்கள் வாங்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆறு துணிப்பைகள், ஓர் உரத்தொட்டி, வீடு முழுவதற்கும் எல்இடி விளக்குகள், எவர்சில்வர் தண்ணீர்க்குடுவை, மூங்கில் பல்துலக்கிகள் என்று அந்த முதல் ஆண்டின் பட்டியல் நீளமானது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்பட்ட அனுபவங்களை அப்போது நிறையப் படித்தேன். அந்தப் பொருள் மூன்றாம் ஆண்டில் எப்படி இருந்தது, ஏழாம் ஆண்டில் வீட்டில் இருந்ததா என்பதைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. என்னளவில் அதைச் சொல்லிவைக்கவே இதை எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: எந்தப் பொருளும் வீட்டுக்குள் வரும்போது தன்னை உருவாக்கச் செலவான நீர், நிலம், மின்சாரம் ஆகியவற்றின் கடனோடுதான் வருகிறது, அந்தக் கடனை நாம் பயன்படுத்தும் ஆண்டுகள்தான் அடைக்கின்றன.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது துணிப்பை. பருத்திப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலே நன்மை செய்தாகிவிட்டது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதல் என்ற கணக்கில் மட்டும் பார்த்தாலே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையை விட மேலானதாக இருக்க ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த எண் 7,100 ஆனது. இயற்கை முறையில் விளைந்த பருத்திக்கு 20,000 ஆனது. இவ்வளவு பெரிய எண்களுக்குக் காரணம் ஓசோன் படலச் சிதைவு என்னும் ஒற்றை அளவுகோல்தான் என்பதையும், பருவநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே ஆய்வில் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை போதும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடலிலும் வயல்களிலும் சேரும் பிளாஸ்டிக் குப்பையின் தீமை இந்தக் கணக்குகளில் இடம்பெறுவதில்லை என்பதால், இவற்றைக் காட்டிப் பிளாஸ்டிக் பைக்குத் திரும்பிவிடலாம் என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

என் கணக்கு இப்படி இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை என்று இரண்டு பைகளை மாற்றி மாற்றி எடுத்துச் செல்கிறேன். ஒன்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 700 முறை பயன்பட்டிருக்கும். அந்த இரண்டைப் பற்றி எனக்கு மனநிறைவு உண்டு. மற்ற நான்கு பைகளும், விழாக்களிலும் கூட்டங்களிலும் அன்பளிப்பாக வந்து சேர்ந்த பதினைந்துக்கும் மேற்பட்ட பைகளும் அலமாரியில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தன. ஒரு பருத்திச் சட்டைக்குத் தேவைப்படும் நீர் ஏறத்தாழ 2,700 லிட்டர் என்பதை நினைக்கும்போது, நல்லெண்ணத்தின் பெயரால் சேர்ந்த அந்த அடுக்கு என்னை மிகவும் உறுத்தியது.

உரத்தொட்டியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் மூன்று மாதங்கள் அது முழுத் தோல்வி. காய்கறித் தோல்களையும் மீந்த உணவையும் நாள்தோறும் கொட்டி மூடிவந்தேன். இரண்டாம் வாரத்திலேயே அழுகல் நாற்றம் எழுந்தது, அடியில் கருநிற நீர் தேங்கியது, வீட்டில் இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் வேண்டும் என்பதும், சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, காய்ந்த சருகிலும் கிழித்த காகிதத்திலும் மரத்தூளிலும் கார்பன் மிகுதி என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கின. அன்றிலிருந்து ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என்ற அளவில் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரத்தில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நாற்றம் வந்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாள்களில் எல்லாம் சருகு தீர்ந்துபோயிருந்தது. தொட்டி வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஒரு மூட்டைச் சருகு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மிக அழுத்தமாகச் சொல்வேன்.

நான்காம் ஆண்டில் இன்னொரு பாடம். 'மட்கக்கூடியது' என்று அச்சிட்ட பை ஒன்றை அந்தச் சொல்லை நம்பித் தொட்டிக்குள் போட்டேன். ஓராண்டு கழித்து உரத்தைச் சலித்தபோது, நிறம் மட்டும் மங்கி, பை பையாகவே வந்தது. அத்தகைய பைகளில் பலவற்றைத் தாவர மாவுப்பொருளிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் கொண்டு செய்கிறார்கள். அது சிதைய ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். பெரிய உரக்கூடங்களில் அது இயலும். என் தொட்டி கைக்கு இதமான சூட்டைத் தாண்டுவதே அரிது. உரம் இட்ட இடத்தில் தக்காளி விதைகள் முளைத்து வருவதே அதற்குச் சான்று. அச்சிட்ட சொல் பொய்யில்லை என்றாலும், எந்த இடத்தில், எத்தனை நாளில் மட்கும் என்பதைச் சொல்லாமல் விட்ட சொல் அது. அதன் பிறகு எந்தப் பொருளிலும் இத்தகைய ஒற்றைச் சொல்லைப் பார்த்தால், அது எந்தச் சூழலில் உண்மையாகிறது என்று தேடிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

ஆனாலும் தொட்டி எனக்குத் தந்தவற்றுள் உரம் இரண்டாம் இடத்துக்குத்தான் வரும். கழிவைக் கறுப்புப் பையில் கட்டிக் கொடுத்தவரை அதில் என்ன இருக்கிறது என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. தொட்டி வந்த பிறகு, வாங்கி மறந்த காய்களும், அளவுக்கு மிஞ்சிச் சமைத்த உணவும் எங்கள் கண்முன்னே அடுக்கடுக்காக அழுகின. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு பின்னர் மதிப்பிட்டதைப் படித்தபோது, அந்த 60 விழுக்காட்டில் எங்கள் தொட்டியும் இருந்தது என்பது நன்றாகவே தெரிந்தது. உணவுக்கழிவு குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. இருபது ஆண்டுக் காலக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதை உரமாக்குவது நல்லது. அதைவிட நல்லது, அது தொட்டிக்கே வராமல் இருப்பது. வாங்கும் அளவைக் குறைத்தோம். மாதத்துக்கு ஒருமுறை நிரம்பிய தொட்டி இப்போது நிரம்ப ஏழு, எட்டு வாரங்கள் ஆகின்றன.

விளக்குகள் எளிய கதை. 60 வாட் குண்டு விளக்கின் வெளிச்சத்தை 9 வாட்டில் தரும் எல்இடி விளக்குகள் பதினொன்று வாங்கினேன். எட்டு இன்னும் எரிகின்றன. பழுதான மூன்றும் காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் கூடுகளுக்குள் மாட்டப்பட்டவை. வெளிச்சம் தரும் டையோடு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்றும், குறிப்பாக அதிலுள்ள மின்தேக்கியும், வெப்பத்தால் முதலில் கெடுகின்றன. கூட்டைத் திறந்துவைத்த பின் எந்த விளக்கும் அணையவில்லை. ஆனால் 'குறைந்த மின்சாரம்தானே' என்ற எண்ணத்தில் ஆளில்லாத அறையிலும் விளக்கை எரியவிடும் பழக்கம் எங்களுக்குள் புகுந்ததை மறைக்க மாட்டேன். திறன்மிக்க நீராவிப் பொறிகள் வந்ததால் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, பெருகியது என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இல் சுட்டிக்காட்டியது எங்கள் வீட்டு நடைவழியிலும் நடந்தது. விளக்கை மாற்ற ஒரு பகல் போதுமாக இருந்தது. பழக்கத்தை மாற்ற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

பொருளை நெடுநாள் வைத்திருப்பதே நல்லது என்ற என் விதிக்கு ஒரு விலக்கையும் பதிவுசெய்ய வேண்டும்: குளிர்சாதனப் பெட்டி. சட்டையும் பையும் அலமாரியில் இருக்கும்போது எதையும் உண்பதில்லை. இது இரவும் பகலும் மின்சாரம் உண்கிறது. ஏழாம் ஆண்டில் ஒரு மின்னளவியைப் பொருத்திப் பல நாள்கள் பார்த்தபோது, பழைய பெட்டி, அதே கொள்ளளவுள்ள புதிய பெட்டியின் அட்டையில் குறித்திருந்த அளவைப் போல இரு மடங்குக்கும் மேல் எடுத்துக்கொண்டது தெரிந்தது. அதனால் மாற்றினேன். பழையதைக் கொடுக்கும்போது அதிலுள்ள வாயுவை வெளியே விடாமல் மீட்டெடுக்கும் வசதி உள்ளவர்களைத் தேடிக் கொடுத்தேன். அதிலிருந்த ஆர்-134ஏ என்னும் குளிரூட்டும் வாயு, கரியமில வாயுவைப் போல 1,400 மடங்குக்கும் குறையாத வெப்பமூட்டும் ஆற்றல் உடையது. புதியதில் இருப்பது ஐசோபியூட்டேன். அதன் ஆற்றல் மிகச் சொற்பம்.

கைப்பேசியில் நிலைமை நேர்மாறானது. அதன் மொத்தப் பாதிப்பில் பெரும்பங்கு, நம் கைக்கு வருவதற்கு முன்பே, சில்லுகளும் திரையும் செய்யப்படும்போதே முடிந்துவிடுகிறது. என் கைப்பேசியை ஆறு ஆண்டுகள் பயன்படுத்தினேன். பேட்டரியை இருமுறையும் திரையை ஒருமுறையும் மாற்றினேன். இரண்டாம் முறை பேட்டரி மாற்றச் சென்றபோது, அதைக் கழற்றவே பின்பக்கத்தைச் சூடாக்கிப் பசையை இளக்க வேண்டியிருந்தது. கடைசியில் பொருள் நன்றாகவே இருந்தும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோனதால் அதைக் கைவிட நேர்ந்தது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான். இங்கேதான் தனிமனிதப் பொறுப்பின் எல்லையை நான் உணர்ந்தேன். என்னால் கவனமாகப் பயன்படுத்த முடியும், பழுது பார்க்க முடியும். உதிரிப்பாகம் கிடைக்கச் செய்யவோ மென்பொருளைத் தொடர்ந்து தரச் செய்யவோ சட்டத்தால்தான் முடியும். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கு நெடுங்கால மென்பொருள் புதுப்பிப்புகளையும் உதிரிப்பாகங்களையும் கட்டாயமாக்கியிருப்பதை, எந்தப் புதிய 'பசுமை' மாதிரி வெளிவந்ததைக் காட்டிலும் பெரிய செய்தியாக நான் கருதுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவர்சில்வர் குடுவைக்கு மூடியின் ரப்பர் வளையத்தை இருமுறை மாற்றியதைத் தவிர வேறு செலவில்லை. இந்தப் பட்டியலில் குறையே சொல்ல முடியாத பொருள் அதுதான். மூங்கில் பல்துலக்கியின் கைப்பிடி மட்கிவிடும், ஆனால் அதன் இழைகள் நைலான். அவற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். நான் பலமுறை மறந்திருக்கிறேன், பிறகு உரத்தில் தேடிப் பொறுக்கியிருக்கிறேன்.

பயன்படுத்தும் பைகளில் ஒன்றின் கைப்பிடியை இந்த மாதம் மூன்றாம் முறையாகத் தைத்தேன். அலமாரியில் கிடந்த மற்ற பைகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. அன்போடு நீட்டப்படும் புதிய பையை, கொடுப்பவர் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்வது மட்டும் ஒன்பது ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கடினமாகவே இருக்கிறது.