பின் சீட்டைக் கழற்றி மாட்டக் கொடுத்தீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் குனிந்து பாருங்கள்

தரை கார்ப்பெட்டைக் கழுவ வேண்டும், நடு வரிசை சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும், கடைசி வரிசைக்குத் துணி மாற்ற வேண்டும். ஒரு வேன் பட்டறைக்குப் போனது இதற்காகத்தான். திரும்பி வந்தபோது உள்ளே பளபளவென்று இருந்தது, வாசனை ஸ்ப்ரே வேறு. பில்லில் ‘சீட் செட்டிங்’, ‘புது போல்ட்’, ‘ஸ்கேன்’ என்று தனித்தனியாகப் போட்டு வாங்கியிருந்தார்கள். ஒரு வாரம் போயிருக்கும், வேகத்தடை ஏறும்போதெல்லாம் நடு சீட்டுக்கு அடியில் ‘கடக்’. சீட்டைத் திரும்பக் கழற்றியபோது தெரிய வந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். வேன் வைத்திருப்பவர்கள், வாடகை வேனில் குழந்தைகளை அனுப்புகிறவர்கள் படித்துவிடுங்கள்.

முதலில் போல்ட். புதுசு போட்டது உண்மைதான். தலையில் எந்த எண்ணும் இல்லாத, சாதாரண இரும்புக்கடை போல்ட். கம்பெனி சீட் போல்ட்டின் தலையில் பெரும்பாலும் 8.8 அல்லது 10.9 என்று அச்சடித்திருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை நூறால் பெருக்கினால் அதன் இழுவலிமை, அதாவது அறுபடாமல் தாங்கும் இழுப்பு: 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல், 10.9 என்றால் 1000. கடையில் சும்மா கிடைக்கிற 4.6 ரகம் 400தான். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் மின்னும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம் என்றால், பெல்ட் சீட்டோடு சேர்ந்தே வரும் பெஞ்சில் மோதலின் மொத்த இழுப்பும் அந்த போல்ட்டுகளில்தான் வந்து விழும். சீட் 40 கிலோ, அதில் 70 கிலோ வீதம் மூன்று பேர், ஆக 250 கிலோ. சர்வதேச சீட் சோதனை விதியில் வரும் 20 ஜி அளவை, அதாவது எடையைப் போல 20 மடங்கை, வைத்துப் பெருக்கினால் ஐந்து டன். பெல்ட் தரையிலோ தூணிலோ தனியாக மாட்டியிருந்தாலும் வெறும் சீட்டே 800 கிலோவாக முன்னால் பாயும். முன் வரிசையில் இருப்பவரின் முதுகில்தான் போய் இறங்கும்.

அடுத்த கோளாறு மரையில். தரைக்கு அடியில் வெல்டு செய்த நட்டின் மரை 10 மில்லி விட்டம், பிட்ச் (மரைக்கும் மரைக்கும் இடைவெளி) 1.25 மில்லி. உள்ளே ஏற்றியிருந்தது 10 மில்லி, பிட்ச் 1.5. இந்த இரண்டையும் விரலால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும். கையால் திருகுகிறவருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிடும். காற்றழுத்தத்தில் திருகும் ஏர் கன்னுக்குச் சந்தேகமே வராது, ‘டர்ர்’ என்று உள்ளே இறக்கிவிடும். வெளியே எடுத்த போல்ட்டில் நட்டின் மரை சுருள் சுருளாக, பென்சில் சீவல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு மூலையில் நட்டின் வெல்டே விட்டுப்போய், போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படி ஆனபின் எத்தனை சுற்று சுற்றினாலும் இறுகாது. ‘கடக்’ சத்தம் அங்கிருந்துதான். இதற்கு ஒரே ஒழுங்கான வழி, பாடி வேலை தெரிந்த இடத்தில் அடித்தகட்டோடு புது நட்டை வெல்டு செய்வது. அந்த இடத்துக்கு அடியில் டீசல் டேங்க், பிரேக் குழாய் எது போகிறது என்று பார்த்து, பேட்டரியைக் கழற்றி, கார்ப்பெட்டை விலக்கிய பிறகுதான் வெல்டிங். பக்கத்திலேயே புதிதாக ஓட்டை போட்டு ‘செல்ஃப் ஸ்க்ரூ’ அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சீட்டை மாட்டியபின் கையில் மிச்சம் இருந்த இரண்டு போல்ட்டுக்குப் பட்டறையில் சொன்ன விளக்கம்: “அது கம்பெனி எக்ஸ்ட்ராவா போட்டிருப்பான் சார்.” எந்தக் கம்பெனியும் சீட்டுக்கு எக்ஸ்ட்ரா போல்ட் தருவதில்லை.

கார்ப்பெட்டுக்கு மேல் தடிமனான ரப்பர் மேட் ஒன்றை இலவசமாக விரித்திருந்தார்கள். சீட்டின் காலுக்கு அடியிலும் அது போயிருந்தது. இது நல்லது போலத் தோன்றும், ஆனால் கெடுதல் இங்கே அதிகம். இரும்புக் கால் இரும்புத் தரையில் உட்கார்ந்தால்தான் போல்ட்டின் இறுக்கம் நிற்கும். நடுவில் ரப்பர் இருந்தால் டார்க் ஸ்பேனர் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ‘டிக்’ என்று சரியாகவே சொல்லும்; நாலு வாரத்தில் ரப்பர் அமுங்கியதும் இறுக்கம் காணாமல் போகும். அத்தோடு மேட் தடிமன் 5 மில்லி என்றால் நட்டுக்குள் போகும் மரையும் 5 மில்லி குறைகிறது. நட்டின் முழு நீளத்துக்கும் மரை பிடிக்க வேண்டும். மேட்டை சீட் காலைச் சுற்றி வெட்டித்தான் விரிக்கணும்.

இனி ஏர்பேக். சீட்டில் பக்க ஏர்பேக்கோ, மோதலில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனரோ இருந்தால் அடியில் மஞ்சள் நிற கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சில வண்டிக்கு 3 நிமிடம், சிலதுக்கு 10. கப்ளர் கழன்ற நிலையில் சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து, கோளாறுப் பதிவு உள்ளே ஏறிவிடும். பின்னால் கப்ளரை மாட்டினாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் விளக்கு அணையும். இந்த வேனில் நடந்ததும் அதுதான். கழற்றும்போது அறுந்த வயரைச் சரிசெய்யாமல், டேப் சுற்றிய ஒரு சின்ன ரெசிஸ்டரை (மின்தடையை) கப்ளரின் பின்னால் செருகியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஏர்பேக் இருப்பது போலத் தோன்றும், விளக்கு அணைந்துவிடும், மோதலில் அந்தப் பக்க ஏர்பேக் விரியாது. ‘ஸ்கேன்’ என்று பில் போட்டது இதற்குத்தான். பச்சை மோசடி. நீங்கள் செய்யக்கூடிய சோதனை: சீட்டுக்கு அடியில் மொபைல் டார்ச் அடித்து மஞ்சள் வயரைக் கப்ளர் வரை தொடர்ந்து பாருங்கள், நடுவில் டேப் முடிச்சு இருந்தால் கேளுங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறு. மல்டிமீட்டரை மட்டும் அந்த வயரில் வைத்துவிடாதீர்கள்.

நகரும் சீட்டில் இன்னொரு தப்பு உண்டு. இரண்டு ரெயிலும் ஒரே பல்லில் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒரு பல் முன்னால் போயிருந்தால் சீட் கோணலாக நின்று ஒரு பூட்டு பாதிதான் இறங்கும். முன்முனையிலிருந்து இரண்டு பக்கமும் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும். நெம்புகோலை விட்டபின் உள்ளங்கையால் சீட்டை முன்னும் பின்னும் தள்ளினால் இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டு விழ வேண்டும். ரெயிலில் கெட்டி கிரீஸ் பூசியிருந்தால் துடைத்துவிடச் சொல்லுங்கள். மண்ணைப் பிடித்து அரைக்கும். உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே போதும்.

போல்ட் இல்லாமல் கொக்கியில் மாட்டும் சீட்டில் பிரச்சினை வேறு. தரைக்குழியில் சில்லறைக் காசு, கல், கார்ப்பெட் ஓரம் கிடந்தால் கொக்கி முழுதாக மூடாது. குழியைச் சுத்தம் செய்து, முன் கொக்கியை முதலில் செருகி, பின்பக்கத்தை இறக்கிப் பூட்ட வேண்டும். பூட்டு விழாவிட்டால் பல மாடல்களில் சிவப்புக் குறி வெளியே தெரியும். குறி மறைந்தாலும் சீட்டின் பின்னடியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். நடு வரிசையும் கடைசி வரிசையும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாற்றி மாட்டக்கூடாது.

பெல்ட்டை மறக்கிறவர்கள் அதிகம். பெஞ்சை இறக்கும்போது பக்கிள் அடியில் சிக்கிக்கொள்ளும், பெல்ட் ஒரு முறுக்கோடு மாட்டப்படும். முழு நீளம் வெளியே இழுத்து விட்டுப் பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். பெல்ட்டின் அடித்தகடு போல்ட்டைச் சுற்றி அசைய வேண்டும். அசையாமல் நெரிந்திருந்தால் நடுவில் இருக்கவேண்டிய புஷ் (சின்ன உருளை வளையம்) அல்லது அலை போல நெளிந்த வாஷரைத் தொலைத்துவிட்டார்கள். குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் 280 மில்லி இடைவெளியில் இரண்டு இருக்கும். புதுத் துணியும் ஸ்பாஞ்சும் அதை மூடாமல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

வேலைக்குக் கொடுக்கும்போதே சில விஷயங்கள் பேசிவிடுவது நல்லது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு காலையும், வாஷர் வரிசை தெரியும்படி, போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை இடம் எழுதிய பைகளில் போடச் சொல்லுங்கள். ஒருமுறைதான் பயன்படுத்தணும் என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுக்கு அதே பார்ட் எண்ணில் புதுசு. மூன்று பேர் பெஞ்சை இரண்டு பேர் தூக்கட்டும். ஒற்றை ஆள் இழுத்தால் கதவு ஓரத்தில் பெயின்ட்டும் அவர் இடுப்பும் போகும். மாட்டும்போது நாலு போல்ட்டையும் முதலில் கையால் ஐந்தாறு சுற்று, பிறகு குறுக்கு மூலையாக இரண்டு தடவையில் டார்க் ஸ்பேனர். பல வண்டிகளில் 10 மில்லிக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர்ப் பக்கம் வரும், ஆனால் உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் அளவு. சீட் இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தரை ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரும் புகையும் உள்ளே வரும்.

வண்டியை எடுக்கும்போது ஒவ்வொரு போல்ட் தலையிலும் தொடங்கி சீட்டின் கால்வரை பெயின்ட் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது, அந்த வரிசையில் ஆள் ஏற்றாதீர்கள்.