இ.எம்.டி.யும் பாராமெடிக்கும்: ஆம்புலன்ஸில் யாருக்கு எதுவரை அனுமதி?

அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் வந்து இறங்குவோர் அனைவரும் ஒரே தகுதி உடையவர்கள் அல்லர். தேசிய அளவிலான பணி வரம்பு மாதிரி ஆவணம் முதல்நிலை உதவியாளர், இ.எம்.டி. (அவசர மருத்துவத் தொழில்நுட்பர்), மேம்பட்ட இ.எம்.டி., பாராமெடிக் (இவர்களில் மிக உயர்ந்த பயிற்சி பெற்றவர்) என நான்கு நிலைகளை வகுத்திருக்கிறது. 2019இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்த ஆவணம் சட்டம் அன்று. இறுதி வரம்பை ஒவ்வொரு மாநிலமும் தீர்மானிக்கிறது, அதற்குள் ஆம்புலன்ஸ் சேவையை மேற்பார்வையிடும் மருத்துவரான மருத்துவ இயக்குநர் தம் குழுவுக்கான நெறிமுறைகளை வகுக்கிறார். ஆகவே கீழே சொல்லப்படுபவை மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறலாம்.

அடிப்படை நிலையில் நிற்பவர் இ.எம்.டி. அவருடைய பயிற்சி ஏறத்தாழ 150 மணி நேரம். பாராமெடிக்கின் பயிற்சியோ 1,000 மணி நேரத்தைத் தாண்டும். இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு இ.எம்.டி. நோயாளியைத் தூக்கிச் செல்பவர் மட்டுமே என்று எண்ணுவது தவறு. மார்பை அழுத்தி இதயத்தை மீட்பது, தானியங்கி கருவியால் மின் அதிர்ச்சி கொடுப்பது, முகமூடிப் பையால் சுவாசம் அளிப்பது, பீறிடும் இரத்தத்தை இறுக்குப்பட்டையால் நிறுத்துவது ஆகிய அனைத்தும் அவருடைய வரம்புக்குள் வருகின்றன. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின், கடும் ஒவ்வாமைக்குத் தானியங்கி ஊசி வழியே எபிநெஃப்ரின், ஹெராயின் போன்ற ஓபியாய்டு மருந்துகளின் மிகையளவுக்கு நாலாக்சோன் ஆகியவற்றையும் அவர் கொடுக்கலாம்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை, இரத்தச் சர்க்கரை குறைந்த நோயாளியை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். சர்க்கரையின் அளவை இ.எம்.டி. பரிசோதிக்கலாம், நோயாளி நினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால், வாய்வழியே குளுக்கோஸ் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்ற இயலாது என்பதால், அங்கே இரத்த நாளத்தில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரைக் கரைசலைச் செலுத்தவோ, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசி போடவோ மேம்பட்ட இ.எம்.டி. தேவைப்படுகிறார். அந்த இடைநிலையைப் பற்றி இவ்வளவு போதும். நெஞ்சுவலியிலும் இதே பிரிவினைதான்: பன்னிரு தட இ.சி.ஜி.யை எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவது இ.எம்.டி.யின் வேலை, அதைப் படித்து முடிவெடுப்பது பாராமெடிக்கின் வேலை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவது, வலிப்பை நிறுத்தும் மருந்தை ஊசியில் செலுத்துவது, மார்புக்குள் அடைபட்ட காற்றை ஊசியால் வெளியேற்றுவது ஆகியவை பாராமெடிக்குக்கு உரியவை. இவை பிழை நேர்ந்தால் எளிதில் சரிசெய்ய முடியாதவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கூடுதல் திறன் எப்போதும் கூடுதல் உயிர்களைக் காக்கிறதா என்பதே ஒப்பீட்டின் கடினமான பகுதி. மருத்துவமனைக்கு முந்தைய மேம்பட்ட சிகிச்சையின் பலனை அளக்கக் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஒபால்ஸ் ஆய்வு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. விரைவாக மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நன்றாக இயங்கிய இடங்களில் பாராமெடிக்கின் மேம்பட்ட சிகிச்சையைச் சேர்த்தபோது, இதயம் நின்றவர்களில் உயிர்பிழைத்து வீடு திரும்பியோர் விகிதம் 5.0 விழுக்காட்டிலிருந்து 5.1 ஆனது, அவ்வளவுதான். 2004இல் வெளியான இந்த முடிவுக்கு மாறாக, 2007இல் வெளியான பகுதியில், மூச்சுத்திணறல் நோயாளிகளின் இறப்பு 14.3 விழுக்காட்டிலிருந்து 12.4ஆகக் குறைந்தது. பெருங்காயம் அடைந்தவர்களுக்கோ பொதுவாகப் பலன் தெரியவில்லை. ஆழ்ந்த நினைவிழப்பில் இருந்தோரிடையே இறப்பு கூடியே இருந்தது. ஒன்டாரியோவின் அடிப்படை நிலைப் பணியாளர் அமெரிக்க இ.எம்.டி.க்கு முற்றிலும் ஈடானவர் அல்லர் என்பதால், இந்த எண்களை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

என் கணிப்பில், இதயம் நின்றுபோனதற்கும் இரத்தப்போக்குக்கும் முதலில் வந்து சேர்பவரே முக்கியம், அவர் இ.எம்.டி.யாக இருந்தாலும் போதும். நீங்காத வலிப்பு, கடும் மூச்சுத்திணறல், தாங்க முடியாத எலும்புமுறிவு வலி ஆகியவற்றில் பாராமெடிக் இல்லாத குறையை நோயாளி நேரடியாக உணர்வார். அத்தகைய நிலையிலும் பாராமெடிக் வண்டி வரட்டும் என்று வீட்டு வாசலிலேயே காத்திருப்பதைவிட, நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வழியில் ஓரிடத்தில் பாராமெடிக்கைச் சந்தித்து ஏற்றிக்கொள்வதே பெரும்பாலும் சரியான வழி. மருத்துவமனை அதைவிட அருகில் இருந்தால் அந்தச் சந்திப்பும் தேவையில்லை.