நெல்லையில் கட்டிய தார், டெல்லி நம்பருக்கு மாறும்போது

வண்டி 2018 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) 4x4. பிஎஸ்-4 (புகை விதிகளின் நான்காம் நிலை) டீசல், 2,498 சிசி, 105 குதிரைத்திறன், டிஎன் 72 பதிவு. நெல்லைப் பக்கம் ஆஃப்ரோடு வண்டியில் ஏறுகிற சாமான் அத்தனையும் ஏறியிருக்கிறது: 2 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் மாற்றம்), 31x10.5 ஆர்15 எம்டி (சேற்று) டயர், ஸ்நார்க்கெல் (உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய்), இரும்பு பம்பர், எல்இடி பார், டியூனிங் பாக்ஸ் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் மின்பெட்டி), இஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) அடைப்புத் தகடு, கேட்கான் (புகையைச் சுத்திகரிப்பது) இல்லாத நேர்க்குழாய், ஃபைபர் ஹார்டு டாப். திசையன்விளை பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணலுக்கு இந்தக் கட்டு பொருத்தமானதுதான். மாற்றலாகி டெல்லிக்குப் போகிறவர்கள் இதே வண்டியை அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) எடுத்துத் தேதியைப் பாருங்கள். டெல்லியிலும் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும் டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான் என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை கூடாது என்று அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4-க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் என்று சுருக்கியது. ஆக, 2018 வண்டிக்கு இப்போதைக்கு நிழல் உண்டு. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி 8 வயது டீசலுக்கு டெல்லியில் ஆயுள் வரி கட்டுவது நல்ல கணக்கு இல்லை. பிஎஸ்-3 தார் என்றால் யோசிக்கவே வேண்டாம், அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ நல்ல விலைக்குப் போகும், விற்றுவிடலாம்.

இனி புகை. பட்டறையில் கேட்டால், "புகை பாஸாயிரும் அண்ணாச்சி, கவலைய விடுங்க" என்பார்கள். அது பொய்யில்லை, பாதி உண்மை. டீசல் வண்டிக்கு நம் பியூசி (புகைச் சான்று) மையத்தில் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கி, குழாய் வழியாக வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். பிஎஸ்-4 டீசலுக்கு வரம்பு மீட்டருக்கு 1.62, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. இஜிஆரை அடைத்தால் கூடுவது அந்த நைட்ரஜன் ஆக்சைடுதான். கரும்புகை குறையத்தான் செய்யும். அதனால் இஜிஆர் அடைத்த வண்டி பியூசியில் சுளுவாகத் தேறிவிடுகிறது. கேட்கான் இல்லாவிட்டாலும் கருமை பெரிதாக ஏறாது, அது முக்கியமாக எரிப்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும். கையில் பியூசி சான்று இருப்பதால் வண்டி சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. மறுபதிவுக்கு வண்டியைக் கண்ணால் பார்க்கும் அதிகாரி குனிந்தால் நேர்க்குழாய் தெரிந்துவிடும்.

புகையில் உண்மையாகவே வண்டியைத் தோற்கடிப்பது டியூனிங் பாக்ஸ். ரெயில் பிரஷர் சென்சார் (டீசல் அழுத்தத்தை அளப்பது) வயரில் நடுவே செருகி, அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியுவை (எஞ்சினின் கணினி) நம்ப வைத்து, கூடுதல் டீசல் ஊற்ற வைக்கிறது. காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடினால் மிச்சம் கரியாகத்தான் வெளியே வரும். அதைக் கழற்றுவது பத்து நிமிட வேலை: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பாக்ஸின் இரண்டு சாக்கெட்டையும் உருவி, ஒரிஜினல் சாக்கெட்டைச் சென்சாரில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும். பாக்ஸ் இல்லாமல் ஈசியுவில் உள்ள ஃபைலையே மாற்றி ரீமேப் செய்திருந்தால், செய்தவரிடமே பழைய ஃபைலைக் கேட்டு ஏற்றியாக வேண்டும். அவர் அதைச் சேமித்து வைத்திருக்கிறாரா என்று ஊரில் இருக்கும்போதே கேளுங்கள்.

பாக்ஸைக் கழற்றியும் புகை நின்றபாடில்லை என்றால் அடுத்த சந்தேகம் தேரி மணல். அந்தச் செம்மண் தூள் மாவு மாதிரி. ஸ்நார்க்கெல் தலை வழியாக வருவதைவிட ஸ்நார்க்கெல் குழாயும் ஏர்பாக்ஸும் (ஏர் ஃபில்டர் பெட்டி) சேரும் மூட்டில்தான் அதிகம் புகும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெளிப்பக்கம் பல்பு பிடித்து உள்ளிருந்து பாருங்கள். மடிப்புகளில் வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போட வேண்டியதுதான். காற்றடித்து ஊதிப் போட்டால் காகிதம் கிழியும், மணல் நேராக டர்போவுக்கு (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புவது) போகும். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) போகும் ரப்பர் ஹோஸ். கிளிப்பைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கே அழுத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். நான்கு கிளிப்பையும் புதிதாக மாற்றுங்கள், மலிவான சாமான்தான்.

சோதனைக்குக் குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் ஆயில் குறைந்தது 60 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ஊருக்குள் நாலு கிலோமீட்டர் உருட்டிவிட்டு மையத்தில் நிற்கிற வண்டிதான் முதல் அமுக்கலில் கரியைக் கக்கும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை நாலாவது கியரில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்தால் குழாயில் தங்கிய பழைய கரியும் போய்விடும்.

இஜிஆர் தகட்டை எடுப்பது சும்மா போல்ட் கழற்றும் வேலை இல்லை. வருஷக்கணக்கில் அடைத்துக் கிடந்த வால்வு உள்ளே கரியும் எண்ணெயும் சேர்ந்து தார்ப் பசையாக இறுகியிருக்கும். தகட்டை மட்டும் எடுத்துவிட்டால் வால்வு திறந்தபடி சிக்கி, ஐடிலில் நடுக்கமும் கரும்புகையும் வரும். அதுவரை பியூசியில் தேறிய வண்டி சரிசெய்த பிறகு தோற்பது இப்படித்தான். வால்வைக் கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து அரைமணி ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வால்வுத் தண்டை விரலால் தள்ளினால் போய்த் தானே திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் புது வால்வு. இன்டேக் மேனிஃபோல்டின் வாயையும் சுரண்டி எடுங்கள், ஆனால் சுரண்டிய கரி ஒரு துண்டும் உள்ளே விழக்கூடாது, துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் இரண்டு பக்கமும் புதிது. கடைசியில் ஸ்கேனர் போட்டுப் பழைய பிழைக் குறியீடுகளை அழித்து, 100 கி.மீ. ஓட்டி, செக் எஞ்சின் விளக்கு திரும்ப எரிகிறதா பார்த்த பிறகு அடுத்த வேலை.

கேட்கான் கதை சோகம். நேர்க்குழாய் போட்ட நாளில் கேட்கானோடு பழைய சைலன்ஸரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். அது மறுநாளே காயலாங்கடைக்குப் போய்விடும், ஏனென்றால் உள்ளே பிளாட்டினம் வகை உலோகம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு விலை தெரியும், விட்டுவிட்டு வந்தவருக்குத் தெரியாது. இப்போது புதிதாக வாங்கினால் முழு எக்ஸாஸ்ட் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். கழற்றிய எந்த ஒரிஜினல் சாமானையும் வீட்டு மச்சிலோ மாட்டுக்கொட்டகையிலோ போட்டு வைத்தவர்களுக்கு இந்த மாற்றம் பாதிச் செலவில் முடிகிறது.

லிஃப்டும் டயரும் புகையோடு சம்பந்தப்பட்டவை இல்லை, ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிபவை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன பட்டியலை எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம்.

சிஆர்டிஇ தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிச் சுமை தாங்கும் கம்பி), பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் லிஃப்ட் என்பது பெரும்பாலும் டார்ஷன் பார் போல்ட்டை இறுக்கியது மட்டும்தான். உயரம் வரும், கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும், சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு) எப்போதும் சாய்ந்தே சுற்றும். நீண்ட ஓட்டத்தில் முதலில் கிழிவது அதன் ரப்பர் உறையான சிவி பூட். கிழிந்த வழியே தேரி மணல் போனால் ஜாயின்ட் 'கடக் கடக்' என்று திருப்பத்தில் பேச ஆரம்பிக்கும். திரும்ப இறக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்று தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, சமதரையில் உயரம் அளந்து, அதன்பிறகு வீல் அலைன்மென்ட். பின்பக்கம் நீட்டிய ஷாக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் இணைப்பு) எடுக்கும்போது யூ-போல்ட்டையும் கழற்றினால் பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள், ஒருமுறை இழுபட்டது அதே இறுக்கத்தை மறுபடி தராது. ஷாக்கிள் புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள், ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் பிய்ந்துவிடும்.

டயர் கணக்கு சுவாரசியமானது. ஒரிஜினல் 235/70 ஆர்16-இன் விட்டம் சுமார் 735 மி.மீ., 31 அங்குல டயர் 787 மி.மீ. அதாவது 7 சதவீதம் பெரிது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-க்கு மேல் போகிறது. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்தே எழுதும். "எம்டி போட்டதிலிருந்து லிட்டருக்கு 9.5-தான் தருது" என்று புலம்புகிறவருக்கு உண்மையில் 10-க்குச் சற்று மேலேயே கிடைக்கிறது. விற்கும்போது, இந்த டயரில் ஓடிய தூரத்தையும் இதே 7 சதவீதம் கூட்டிச் சொல்வது நேர்மை.

பம்பர், எல்இடி பார் இரண்டையும் கழற்றிவிடுங்கள், பேச்சே இல்லை. புல் பார் (இந்த இரும்பு பம்பர் வகை) மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஹார்டு டாப் ஆர்.சி.யில் ஏறாதது என்றால் பழைய கேன்வாஸ்தான். ஸ்நார்க்கெலை எடுத்தால் ஃபெண்டரில் ஓட்டை நிற்கும், ஃபெண்டர் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை ஊரிலேயே தொடங்குகிறது. நிலுவை இ-சலான் எல்லாம் கட்டிவிட்டு, அரசின் வாகன் இணையதளத்தில் படிவம் 28-ஐப் பூர்த்திசெய்து, சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு, ஆர்.சி., இன்சூரன்ஸ், பியூசியோடு ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். உவரி, மணப்பாடு கடற்கரையில் ஓடிய வண்டிக்குச் சேஸிஸ் எண் துருவில் மறைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷை வேகமாகப் போட்டால் எழுத்தே தேய்ந்துவிடும். துரு எடுக்கும் திரவத்தைத் தடவி, துணியால் துடைத்து, லேசாக கிரீஸ் பூசி வையுங்கள். டெல்லியில் புது நம்பர் கேட்கப் படிவம் 27, அங்கே ஆயுள் வரி. புது ஆர்.சி. வந்தபிறகு அதன் நகலோடு நெல்லை ஆர்.டி.ஓ.வில் மிச்ச வரியைத் திருப்பிக் கேட்கலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் கட்டாயம். இன்சூரன்ஸிலும் முகவரி மாற்றுங்கள். நெல்லை 'பி' மண்டலம், டெல்லி 'ஏ' மண்டலம், பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

டெல்லி போன பிறகு தெரியவரும் ஒன்று குளோ பிளக் (குளிரில் எஞ்சின் எழும்ப உள்ளே சூடேற்றுவது). நெல்லை வெயிலில் நான்கும் செத்திருந்தாலும் வண்டி ஒரே சாவியில் எழும்பும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஜனவரி காலையில் 5 டிகிரியில் சுற்றிச் சுற்றி, வெள்ளைப் புகை தெருவை மறைக்கும். ஊரிலேயே வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள்: ஓர் ஓம் அளவில் இருந்தால் உயிர் உண்டு, முடிவிலி காட்டினால் மாற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, அவசரப்படாமல் கழற்றுங்கள். உடைந்து ஹெட்டில் தங்கிவிட்டால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

எல்லாம் சரியாக முடிந்த பிஎஸ்-4 தாரும் டெல்லிக் குளிர்காலத்தில் சில வாரம் வீட்டில்தான் நிற்கும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி, கிராப் (காற்று மாசுக்கான படிப்படிக் கட்டுப்பாட்டுத் திட்டம்) மூன்றாம் கட்டம் அறிவித்தால் பிஎஸ்-4 டீசல் கார்கள் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காஜியாபாத், கௌதம புத்த நகரிலும் ஓடக்கூடாது; மீறினால் 20,000 ரூபாய். அந்த நாட்களில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்து, டாங்கை நிரப்பி, வாரத்துக்கு ஒருமுறை வண்டியை அரைச் சக்கரம் நகர்த்தி நிறுத்தினால் டயர் தட்டையாகாது.