பத்மினிக்கு எந்த பெட்ரோல் பம்பு: பழைய ஏ.சி. பம்பா, எலக்ட்ரிக்கா?

கத்திரி வெயிலில் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் என் பழைய பிரீமியர் பத்மினி கார் திணறும். ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. வேலூரில் யாரைக் கேட்டாலும் ‘ஏ.சி. பம்பைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் மாட்டுங்க’ என்பார்கள். ஏ.சி. என்றால் இங்கே ஏர் கண்டிஷன் அல்ல; டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் மெக்கானிக்கல் பம்பு. எஞ்சின் கேமில் (சுற்றும் தண்டிலுள்ள மேட்டில்) ஓடும் அந்தப் பழைய பம்பையே நான் வைத்திருக்கிறேன். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

விலை, ஒரிஜினல் தோற்றம் எல்லாம் அவரவர் விருப்பம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கோளாறு எங்கே என்று நடுரோட்டில் கையாலேயே கண்டுபிடிக்க முடிகிறதா?

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. பைப்பில் பெட்ரோல் ஆவியாகி வராமல் போகலாம். அல்லது கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இருக்கும் பெட்ரோல் கொதித்து, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் வழிந்து, பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் மூழ்கலாம். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். கரும்புகையோடு பிடித்தால் மூழ்கியிருந்தது என்று பொருள். அந்த வண்டிக்கு எலக்ட்ரிக் பம்பு மாட்டினால் வியாதி கூடத்தான் செய்யும். பிடிக்கவில்லையா? பம்பிலும் பைப்பிலும் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள். அதற்குப் பிறகு ஓடினால் ஆவிதான் காரணம். எக்ஸாஸ்டை ஒட்டிப் போகும் பைப்பைத் தள்ளிப் பொருத்த வேண்டும்.

சூடு ஆறியும் வரவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, ஸ்பார்க் வராமலிருக்க இக்னிஷன் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் வைத்துவிட்டு, கார்புரேட்டர் பைப்பை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்பு நலம். குமிழி குமிழியாக வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ ஓஸ் வெடித்துக் காற்று இழுக்கிறது. பம்பின் மேல் விழும் பழி பாதி இந்த ஓஸுக்கு உரியது. பம்பைக் கையால் அடிக்க அதிலேயே இருக்கும் கை லீவர் தளர்ந்து ஆடினால் பயப்பட வேண்டாம், கேம் ஏறி நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். கையால் அடித்தால் வருகிறது, எஞ்சின் சுற்றினால் வரவில்லை என்றால் கேமைத் தொடும் லீவர் தேய்ந்திருக்கும், அல்லது யாரோ பேக்கிங்கை அடுக்கி வைத்திருப்பார்கள். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பேக்கலைட் கட்டையின் இருபுறமும் ஒவ்வொரு மெல்லிய பேக்கிங் போதும். தடித்தால் லீவரின் வீச்சு குறையும். கட்டையே இல்லையென்றால் பிளாக்கின் சூடு நேராகப் பம்புக்கு ஏறும்.

பழைய பம்பின் பலவீனம் டயஃப்ரம், அதாவது உள்ளே மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும் ரப்பர் தகடு. கிழிந்தால் பம்பின் அடித்துளையில் பெட்ரோல் சொட்டும், அல்லது எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கில் அளவு கூடி பெட்ரோல் நாற்றம் அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள். டயஃப்ரம் மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் டயஃப்ரம் ஆபத்து. எத்தனால் தாங்கும் கிட்டைக் கேட்டு வாங்குங்கள். அது எத்தனை கோடை தாங்கும் என்பதைப் போகப்போகத்தான் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரிக்குக்கும் நியாயம் உண்டு. வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் கார்புரேட்டர் காய்ந்துவிடும். சாவி போட்டவுடன் எலக்ட்ரிக் பம்பு அதை நிரப்பிவிடும். டேங்க் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாகப் பொருத்தினால் ஆவித் தொல்லையும் குறையும். ஆனால் அழுத்தம் 2 முதல் 4 பி.எஸ்.ஐ.தான் இருக்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பு 40 பி.எஸ்.ஐ. வாக்கில் தள்ளும், கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் நீடில் தாங்காது, பெட்ரோல் எஞ்சின் மேலேயே வழியும். ரிலே, ஃபியூஸ், ஆயில் பிரஷர் இறங்கினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் வண்டி மோதி நின்ற பிறகும் பம்பு ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய பம்பையும் லைனில் விட்டு வைக்காதீர்கள்: அதன் டயஃப்ரம் கிழிந்தால் எலக்ட்ரிக் தள்ளும் பெட்ரோல் முழுதும் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்குள் இறங்கும்.

எதை வைத்தாலும் பெட்ரோல் ஓஸை எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (பெட்ரோல் ஓஸுக்கான தரக் குறியீடு) தரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் எண்ணமிருந்தால் டிக்கியில் டயஃப்ரம் கிட், ஒரு மீட்டர் ஓஸ், நாலு கிளிப்.