நிக்கொட்டின் கமா, கறுவாப்பட்டையா: தேத்தண்ணி வேளையில் எது நின்று பிடித்தது?

சிகரட்டை விட்டு 11 மாதம் ஆகிறது. அதற்கு முன் 17 வருடம், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. நாள் முழுக்க வாய் கேட்பதில்லை என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது. ஆளை விழுத்துவது ஐந்து வேளைகள்: விடிய எழும்பினவுடன், காலை பத்து மணி, மத்தியானச் சோற்றுக்குப் பின், பின்னேரம் கடற்கரையில், இரவு படுக்க முன். இந்த ஐந்தில் நாலு வேளை என் கையில் ஒரு பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, கிளாஸ் இருந்தது. அதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு தோல்வி தேவைப்பட்டது.

முதலில் எடுத்தது நிக்கொட்டின் கம், சிகரட்டுக்குப் பதிலாக நிக்கொட்டின் தரும் சூயிங்கம். திருகோணமலை டவுனில் ஏறி இறங்கிய இரண்டு பார்மசியிலும் இல்லை என்றார்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி வாங்கி இரவு பஸ்ஸில் கொடுத்துவிட்டான். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் பற்றவைக்கிற ஆளுக்கு 4. நான் பல் தீட்ட முன்னமே பற்றவைக்கிற ஆள், ஆகவே யோசிக்க எதுவுமில்லை. அதைச் சாதாரணக் கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, சுள்ளென்று உறைத்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கினால் திரும்ப மெல்லலாம். நிக்கொட்டின் வாய்க்குள்ளால்தான் உடம்பில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கிவிட்டால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். முதல் நாள் கடையில் கணக்குப் புத்தகத்தின் முன் இருந்து அரை மணித்தியாலம் விக்கினேன்.

கம் வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மெல்லுகிற முறை பிடிபட்ட பிறகு தவிப்பு நன்றாகவே அடங்கியது. பிரச்சினை தேத்தண்ணி. கம் போட 15 நிமிடம் முன்னிருந்து, மென்று முடியும் வரைக்கும், எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. கோப்பி, சோடா, பழச்சாறு என்று வாயில் புளிப்புத் தன்மை இருந்தால் நிக்கொட்டின் சரியாக உறிஞ்சப்படாது. இப்போது என் பத்து மணியை நினைத்துப் பாருங்கள். என்.சி. வீதியில் நான் வேலை செய்யும் கடைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. வாசல் கம்பியில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர், பக்கத்திலே சிகரட் பெட்டி. ஒற்றைச் சிகரட் கேட்டாலும் தருவார்கள். கிளாஸ் சுடும், ஆகவே இடது கையால் விளிம்பைப் பிடிப்பேன். வலது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற கைதான் 17 வருடம் லைட்டரைத் தேடியது. கம்மை வாயில் ஒதுக்கினால் தேத்தண்ணி இல்லை. தேத்தண்ணி குடித்தால் கம் இல்லை. இரண்டையும் விட்டு நிற்க ஏலாமல் ஆறாம் நாள் லைட்டரை இழுத்தேன். மத்தியானமும் இதே கதை. மீன்குழம்புச் சோறு இறங்கின கையோடு வாய் கேட்கும். கம் 15 நிமிடம் பொறு என்கிறது. தவிப்பு எழும்பி அடங்கப் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம் போதும். பொறுத்து முடிக்கிற நேரம் ஒன்றில் அது தானாக அடங்கியிருக்கும், அல்லது நான் அடித்திருப்பேன்.

தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையை நான் பாவிக்கவில்லை, மச்சான் பாவித்தார். அதற்குத் தேத்தண்ணியோடு சண்டை இல்லை, அது பெரிய விசயம். காலையில் ஒட்டினால் நாள் முழுக்க மெதுவாக ஒரே அளவில் உள்ளே விடும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும். பத்து மணிக்குத் திடீரென்று கிளம்புகிற தவிப்புக்கு அது ஓடிவந்து கைகொடுக்காது. அதனால்தான் வைத்தியர்கள் பட்டையை அடித்தளமாகவும் கம்மை அவசரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியை விடப் பலன் கூட. மச்சான் திருக்கடலூரில் வள்ளத்து ஆள். வியர்வைக்கும் உப்புத் தண்ணிக்கும் ஓரம் கிளம்புகிறது என்று முறைப்பாடு. ஆனாலும் விட்டுவிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சரி, என் கட்சிக்கு வருகிறேன். மூன்றாம் தடவை நான் சிகரட்டோடு சண்டை பிடிக்கவில்லை, தேத்தண்ணியை இடம் மாற்றினேன். கூடவே சட்டைப் பையில் நாலு விரல் நீளக் கறுவாப்பட்டை.

விடியத் தவிப்பு கடுமையாக இருக்கக் காரணம் உண்டு. இரத்தத்தில் நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாதியாகக் குறைகிறது. இரவு முழுக்க நித்திரை கொண்டு எழும்பினால் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். முன்பு எழும்பினவுடன் தேத்தண்ணியோடு பின்வாசல் படியில் போய் இருப்பேன். இப்போது முதலில் பல் தீட்டிக் குளித்துவிடுகிறேன். தேத்தண்ணி பிறகுதான், அதுவும் குசினிக்குள் நின்றபடி, பிடி வைத்த பெரிய கப்பில். இரண்டு கையும் கப்பைச் சுற்றியிருக்கும். படிப்பக்கம் போவதே இல்லை.

பத்து மணிக்கு எதிர்க்கடைக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டிலிருந்து பிளாஸ்கில் மல்லித் தண்ணி. இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு, இது எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. சிகரட் புகை, உடம்பு கஃபீனைக் கரைத்துத் தள்ளும் வேகத்தைக் கூட்டிவிடும். சிகரட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறையும். அதே ஐந்து பிளேன்டி குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முன்பை விடக் கூட நிற்கும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை எல்லாம் வரும். இதையெல்லாம் சிகரட் கேட்கிறது என்று நினைத்துத்தான் முதல் இரண்டு தடவையும் நான் தோற்றேன் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். ஐந்தை இரண்டாகக் குறைத்ததும் அந்த நடுக்கம் ஒரு கிழமைக்குள் போனது. அதில் கஃபீனின் பங்கு எவ்வளவு, நாள் போனதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். எப்படியும் முதல் மூன்று நாள்தான் மோசம், இரண்டு மூன்று கிழமையில் தணியும்.

கறுவாப்பட்டையில் நிக்கொட்டின் ஏதும் இல்லை, அது மருந்தும் இல்லை. ஆனால் தேத்தண்ணியோடு ஒத்துப்போகும்; மூன்று மிடறு குடித்துவிட்டு ஒரு தரம் கடிக்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் சிகரட் மாதிரியே நிற்கும். முனை ஊறி இதழ் இதழாகப் பிரிந்து வாயில் இனிப்பும் உறைப்புமாக இறங்கும். கராம்பும் பார்த்தேன், வெறும் வயிற்றில் எரிகிறது. கச்சான் கொறித்து இரண்டு கிலோ ஏறினேன். வெற்றிலை போடு என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார்; புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும், அது வேண்டாம். மின்சிகரட் இலங்கையில் தடை.

பின்னேரம்தான் சிக்கல். டச்பே கடற்கரையில் கூட்டாளிகள் நாலு பேரும் இப்பவும் அடிக்கிறார்கள். அவர்களை விட்டுவிட மனம் வரவில்லை. காற்று வருகிற பக்கமாக இருந்துகொள்கிறேன். பெட்டி வெளியே வந்தால் எழும்பிக் கோட்டை வாசலுக்கு நடக்கிறேன். அங்கே படுத்திருக்கும் மான்களைத் தாண்டிக் கோணேசர் கோவில் ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் தவிப்பு போய்விடும். ஒருநாள் ஒரு மான் என் சட்டைப் பையை மோந்து பார்த்தது, கறுவாவுக்காகத்தான் இருக்க வேண்டும்.

நாளுக்கு இருபதுக்கு மேல் அடிக்கிற ஆளுக்கு என் வழி போதும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படியானவர் தோலில் ஒட்டும் பட்டையையும் கம்மையும் பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. இருதய வருத்தம் உள்ளவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சிகரட்டை விட ஆலோசனை சொல்வார்கள், நான் எடுத்ததில்லை. சாராயத்தோடு வருகிற தவிப்பைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், நான் குடிப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு மட்டும் இன்னும் ஒன்றும் சரியாக அமையவில்லை. தேத்தண்ணி இல்லாத ஒரே வேளை அதுதான், என் வித்தை அங்கே எடுபடாது. கேற்றைப் பூட்டப் போகிற சாட்டில் மதிலோரம் ஒரு நிமிடம் நிற்கிறேன். பல் தீட்டிவிட்டால் வாய் கேட்பது குறைகிறது. ஆனால் பல் தீட்டின வாயால் கறுவா கடிக்க மனிசி விடுவதில்லை.