திருகோணமலையா, காலியா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

இலங்கையில் ஒரே ஒரு துறைமுக ஊருக்குத்தான் போக முடியும் என்று சொன்னால், பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு காலியைக் காட்டுவார்கள். வருடத்தில் பாதி நாள் அது நல்ல யோசனை. மீதி நாட்களில் போனால் கலங்கிய கடலையும் சிவப்புக்கொடி நட்ட கரையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

காரணம் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலிப் பக்கக் கடலைப் புரட்டிப் போடும். அதே மாதங்களில் கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலையின் கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ்: வாடைக்காற்றும் மழையும் கிழக்குக் கரையை அடிக்கும், காலி தெளிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை உண்டு, வங்கக் கடலில் புயலும் கிளம்பும். அந்த இரண்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு ஊருமே ஓரளவு ஒத்துழைக்கும் காலம் மார்ச்சும் ஏப்ரல் முற்பாதியும். ஜூன், ஜூலையில் திருகோணமலையில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும். கடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காலை 11 முதல் மாலை 3 வரை வெளியே தலைகாட்ட முடியாது.

போய்ச் சேர்வது

இந்த ஒரு விஷயத்தில் காலிக்குப் போட்டியே இல்லை. கொழும்பில் இருந்து ஏறத்தாழ 116 கிலோமீட்டர். கொழும்பின் புறநகரான மாகும்புரவில் ஏறினால் அதிவேகப் பாதைப் பேருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். கடலோர ரயிலுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்கச் சன்னல்தான் கடல் பக்கம். காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்பதால், மாத்தறைக்குத் தொடரும் ரயில் அங்கே திசை மாறிக் கிளம்பும். வண்டி வந்த வழியே திரும்புகிறது என்று பதறி இறங்கிவிட வேண்டாம்.

திருகோணமலை கொழும்பில் இருந்து சுமார் 260 கிலோமீட்டர். பேருந்தில் ஆறேழு மணி நேரம், ரயிலில் எட்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரவு ரயில் வசதி, ஆனால் அன்றைக்கு ஓடுகிறதா என்று கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் ஊர் இது இல்லை. காலியை அப்படிப் பார்த்துவிடலாம், பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கோட்டையும் கோயிலும்

காலிக் கோட்டை நடந்து பார்க்கிற ஊர். போர்த்துக்கீசர் தொடங்கி, 1640-இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாகக் கட்டியது. 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மதில்மேல் ஒரு சுற்று நடக்க ஒன்றரை மணி நேரம் போதும். மாலை நாலரைக்குத் தொடங்குங்கள். மணிக்கூண்டுப் பக்கம் ஏறினால் கிரிக்கெட் மைதானம் காலுக்குக் கீழே தெரியும், அங்கிருந்து சுற்றிக் கொடிப்பாறைக்கு வரும்போது சூரியன் இறங்கும். பழைய வாயிலின் உட்புறம் 1669 என்ற ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, தேவாலயம் என்று நினைக்க வைக்கும் முகப்போடு நிற்பது மீரான் பள்ளிவாசல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பேருந்து நிலையமும் மைதானமும் மூழ்கியபோது, கோட்டைக்குள் இருந்த ஊரை இந்த மதில்தான் காத்தது. மதிலின் கனத்தை நேரில் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

குறை என்றால், கோட்டைக்குள் பாதி வீடுகள் இப்போது கஃபேயும் நகைக்கடையும்தான். அழகாக இருக்கிறது, ஆனால் ஊர் மாதிரி இல்லை.

திருகோணமலையில் கோட்டை இரண்டாம் பட்சம், அதற்குள் இருக்கும் கோணேசர் கோயில்தான் முதல். சம்பந்தர் பாடிய தலம். 1622-இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள், அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றைய கோயில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. கிணறு தோண்டும்போது கிடைத்த பழைய திருமேனிகள் அதில் இருக்கின்றன. கோட்டை வாயிலில் அவசரப்படாமல் நில்லுங்கள். நிலைக்கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கும், கூடவே சிதைந்த தமிழ் எழுத்து. 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் அந்தப் பாட்டு, மரபில் வரும் மன்னனான அவன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்கிறது. இடித்தவன் கட்டிய வாயிலிலேயே அந்தக் கல் நிற்கிறது. ஆட்டோவில் உள்ளே போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதில்லை.

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதனால் முகாம் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். வழியில் புள்ளிமான்கள் பையை முகர வரும். அவை பாலித்தீனையும் தின்னும் என்பதால் பூசைப் பையைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பின்னால் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடம் இராவணன் வெட்டு.

காலிக்கும் ஒரு தமிழ்க் கல் உண்டு. சீனக் கப்பல் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்வெட்டு: சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911-இல் காலியில் கண்டெடுத்தார்கள், ஆனால் கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். காலியில் தேடி அலையாமல் கொழும்பிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு

காலிப் பக்கத்தின் பெருமை அம்புல் தியல். சூரையை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, ஊறவைத்து அரைத்த கொறக்காவும் மிளகும் உப்பும் பூசி, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஒரே அடுக்காக வைத்து, நீர் வற்றும்வரை சிறுதீயில் விடுவார்கள். அரைக் கிலோ மீனுக்கு ஐந்தாறு துண்டு கொறக்கா, ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாத மிளகு. கொறக்கா என்பது நம் குடம்புளிதான். அதன் புளிப்பும் ஈரம் வற்றுவதும் சேர்ந்து மீனைக் கெடாமல் சில நாள் வைத்திருக்கும். நல்ல தியல் கறுத்து, வறண்டு, விரலால் உதிர்த்தால் அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும். குழம்பாக ஓடினால் அது அவசரத்தில் செய்தது. கோட்டைக்குள் இருக்கும் விலை கூடிய கடைகளைவிட, வெளியே மதியச் சோறும் கறியும் விற்கும் கடைகளில் இது ருசியாகக் கிடைக்கும். முடிவில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கேளுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தென்பகுதியில் தேங்காய்ச் சம்பலிலும் கீரை மல்லுங்கிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது. சிங்களத்தில் மாசிக்கு உம்பலகட என்று பெயர், அந்தச் சொல்லைச் சொல்லி வேண்டாம் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

திருகோணமலையில் இந்தக் கவலை குறைவு, நகருக்குள் சைவக் கடைகள் உண்டு. காலையில் இடியப்பம், சொதி, சம்பல். சொதி எளிமையாகத் தெரிந்தாலும் கை தவறினால் கெட்டுவிடும்: இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் வெந்த பிறகு முதற்பாலை ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கி, அதன்பின்தான் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். கடையில் சொதி திப்பிதிப்பியாக வந்தால் நடந்தது அதுதான். அசைவம் என்றால் நண்டும் கணவாயும் இறாலும். நண்டை உயிரோடு காட்டி, எடை போட்டு, விலை சொன்ன பிறகு சமைக்கச் சொல்லுங்கள். சமைத்த பிறகு எடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கடலும் காடும்

இதில் திருகோணமலைக்கே எங்கள் ஓட்டு. நிலாவெளியில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. முழங்கால் ஆழத்திலேயே பவளமும், கருந்துடுப்புச் சிறு சுறாக்களும். அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். நுழைவுச்சீட்டு வேறு, படகு வாடகை வேறு. படகுக்கு ஆள் சேர்த்துப் பகிர்ந்தால் செலவு பாதியாகும். காலை ஏழரைக்கு முன் கரையில் நில்லுங்கள்: பத்து மணிக்கு மேல் கூட்டமும் அலையும் கூடி, கிளம்பும் மணலில் ஒன்றும் தெரியாது. கால் வலிக்கிறது என்று பவளத்தின்மேல் நிற்பதுதான் பலரும் செய்யும் தவறு. பவளமும் உடையும், பாதமும் கிழியும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரில் இருந்து சுமார் 8 கிலோமீட்டர். ஏழு சிறு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறு. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய வரும் குடும்பங்களும் அங்கே இருப்பார்கள், அதை மனத்தில் வைத்து நடந்துகொள்ளுங்கள்.

காலியில் உணவட்டுன கடற்கரையும் ரூமஸ்ஸல குன்றும் பக்கத்தில் இருக்கின்றன. சாயங்காலக் குளியலுக்கு நல்லது, பவளம் பார்க்க அல்ல. திமிங்கிலம் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே முதல் ஆகஸ்டு வரை திருகோணமலை. கரையை ஒட்டியே கடல் ஆழமாகிவிடுவதால் திருகோணமலையில் அதிக தூரம் போக வேண்டியதில்லை. எங்கே போனாலும் வாந்தி மாத்திரையைப் படகேறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.

எத்தனை நாள்?

டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் இரண்டே நாள் கையில் இருந்தால் காலி, அதில் ஓர் இரவு போதும். கோட்டைக்குள் அறை விலை எகிறும், உணவட்டுனவில் தங்கி ஆட்டோவில் வரலாம். மே முதல் செப்டம்பருக்குள் என்றால் திருகோணமலைக்கு மூன்று இரவு ஒதுக்குங்கள்: ஒன்று கோயிலுக்கும் நகருக்கும், ஒன்று தீவுக்கு, ஒன்று கன்னியாவுக்கும் சும்மா கிடப்பதற்கும். உப்புவெளியில் தங்கினால் நகருக்கும் நிலாவெளிக்கும் நடுவில் இருப்பீர்கள். காரில் போகிறவர்கள் ஹபரணையில் இருந்து கந்தளாய் வரையுள்ள காட்டுச்சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். யானை விளக்கு போட்டுக்கொண்டு வராது.