வாக்குத்தத்தப் பெட்டியும் அதில் இடம்பெறாத வசனங்களும்

கிறிஸ்தவப் புத்தகக் கடை ஒன்றில் 180 ரூபாய்க்கு வாங்கிய வாக்குத்தத்தப் பெட்டியை (தேவனின் வாக்குறுதிகளாக எடுத்த வேத வசன அட்டைகள் அடங்கிய பெட்டியை) மூன்று மாதங்களாக எங்கள் குடும்ப ஜெபத்தில் பயன்படுத்தி வருகிறோம். அப்பத்தின் (ரொட்டியின்) வடிவிலான சிறிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே விரல் நீள அட்டைகள். ஒவ்வொன்றிலும் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து (மொழிபெயர்ப்பிலிருந்து) ஒரு வசனம். அட்டை கெட்டியானது. எழுத்து, அம்மா கண்ணாடி இல்லாமலே வாசிக்கும் அளவுக்குப் பெரியது. வசனங்களைத் தெரிந்தெடுத்த விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

அப்பா இறந்த இரண்டாம் வாரம் அம்மா எடுத்த அட்டையில், "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கும் பிலிப்பியர் 4:6 இருந்தது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அப்போ நான் அழுறது விசுவாசக் குறைச்சலாப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வேதாகமத்தைத் திறக்க வேண்டியிருந்தது. பிலிப்பி சபைக்கு எழுதிய இதே நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில், சிறையிலிருக்கும் அப்போஸ்தலன் பவுல், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்ததைச் சொல்லி, அவன் பிழைத்ததால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" நேராமல் தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார். தன் உடன் ஊழியனான தீமோத்தேயு உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிப்பான் என்று அங்கே பாராட்டுவதற்கு அவர் கையாளும் கிரேக்க வினைச்சொல்தான், நான்காம் அதிகாரத்தில் "கவலைப்படாமல்" என்பதிலும் வருகிறது. தமிழிலும் விசாரிப்பதும் விசாரப்படுவதும் ஒரே வேரிலிருந்து வருவதை அம்மாவிடம் சொன்னபோது, அவர் முகம் சற்றுத் தெளிந்தது. எல்லாச் சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் இதே பவுல்தான்.

யோவான் 14:1-ம் பெட்டியில் இருக்கிறது: "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக." இதைச் சொன்ன இயேசு, இரண்டு அதிகாரங்களுக்கு முன், "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது" என்றும் சொல்லியிருக்கிறார். மூலத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே வினைச்சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் "கலங்கு" என்றே காத்திருப்பது பெரிய உதவி. கலக்கத்தை அனுபவித்தவர் சீஷரைப் பார்த்துச் சொன்ன ஆறுதல் அது என்பது, அட்டையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

புலம்பல் 3:22, 23-ஐ எடுத்தவர்கள், அதே அதிகாரத்தின் முதல் இருபது வசனங்களிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. எருசலேம் அழிந்தபின் எழுந்த அந்தக் கதறலில், தன் ஜெபத்துக்கே வழி அடைபட்டதாகச் சொன்னவரின் வாயிலிருந்துதான், இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வார்த்தையும் வருகிறது. 88-ஆம் சங்கீதத்துக்குப் பெட்டியில் இடமே இல்லை. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பும். இதுவோ பதினெட்டாம் வசனத்தில், அறிமுகமானவர்களையும் இழந்த இருளில் அப்படியே நின்றுவிடுகிறது. வாக்குத்தத்தம் ஒன்றும் அதில் இல்லை என்பார்கள். இருந்தும் அது சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரை அழைத்துத்தான் தொடங்குகிறது. துக்க வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஜெபம் அதைவிட வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

மலைப்பிரசங்கத்தின் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற அட்டையும் பாதியிலேயே நிற்கிறது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று, இன்றைய பாடுகளை மறுக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த வசனத்தின் கடைசி வாக்கியத்தை ஏன் விட்டார்களோ! அட்டையில் அதற்கு இடமிருக்கிறது.

சிறுபிள்ளைகள் வசனம் மனப்பாடம் செய்ய இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள், தயவுசெய்து சங்கீதப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதால், நான் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறேன்: பிலிப்பியர் 4:6-க்குப் பின்னால் 2:27, யோவான் 14:1-க்குப் பின்னால் 12:27. அம்மா இப்போதெல்லாம் அட்டையை எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்கிறார்.